சுகம் விசாரிக்க வந்தவர்கள்

காலை ஏழு மணி நாற்பத்திரண்டு. பின்பார்வைக் கண்ணாடியில் நான் முதலில் கண்டது 'மாஷா அல்லாஹ்' என்ற பச்சை எழுத்துகளை. ஒரு சின்ன லொறியின் முன்கண்ணாடியில், மேல் விளிம்போடு ஒட்டியிருந்தது. கண்ணாடியில் எழுத்து இடம் வலம் மாறித்தான் தெரிந்திருக்க வேண்டும். நேராக வாசித்ததாகவே எனக்கு நினைவு. பிறகு வந்த நாட்களில் நினைவு அதைத் திருத்திவிட்டது போலும்.

காரைதீவுச் சந்திக்குச் சற்று முன்னால் ஒரு மாடு வீதிக்குள் இறங்கி நின்றது. நான் பிரேக்கை மிதித்தேன். கார் நின்றது. லொறி நிற்கவில்லை. சத்தம் பெரிதல்ல; தகர வாளியை மதிலில் மோதியது போல ஒன்று. பக்கத்து ஆசனத்தில் மனைவி கைப்பைக்குள் குனிந்து போனைத் தேடிக்கொண்டிருந்தாள். குனிந்திருந்த தலை பின்னால் போய் ஆசனத்தில் அடித்து மறுபடி முன்னால் வந்தது. கைப்பையிலிருந்த சீப்பும் சாவியும் முன்கண்ணாடி வரை போய் விழுந்தன. மாடு எங்களைப் பார்த்துவிட்டு நடந்து போய்விட்டது.

லொறிக்காரன் இறங்கி ஓடி வந்தான். முப்பது வயது இருக்கும். ஒலுவில் துறைமுகத்தில் மீன் ஏற்றி, எங்களைப் போலவே கல்முனைப் பக்கம் போய்க்கொண்டிருந்தான். மீன் வைத்திருந்த வெண்நுரை ரெஜிபோம் பெட்டிகளில் ஒன்று உடைந்து ஐஸ் தண்ணீர் வீதியில் வடிந்தது. என்னை அவன் பார்க்கவில்லை. நேரே மனைவியின் பக்கக் கதவுக்குப் போய், சொந்த அக்காவைக் கேட்பது போலக் கேட்டான்.

"ராத்தா, ராத்தாக்கு ஒண்டுமில்லதானே?"

"அல்ஹம்துலில்லாஹ். ஒண்டுமில்ல தம்பி."

"மாடு வந்தத நான் காணல்ல ராத்தா. அல்லாஹ்வுக்காகக் காணல்ல."

"நாங்க கண்டம். அதால நிண்டம்" என்றேன் நான். சந்தியில் கூடியிருந்தவர்களில் ஒருவர் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை. மீன் பெட்டிகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

லொறிக்குக் காப்புறுதி இருந்தது. அவன் போன் பண்ணினான். கம்பனியின் மதிப்பீட்டாளர் பாண்டிருப்பிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே காரின் பின்பக்கத்தையும் லொறியின் முன்பக்கத்தையும் படம் எடுத்தார். "பின்னுக்கு வந்து அடிச்சா பின்னுக்கு வந்தவர்தான் பிழை சேர். இதில கதையே இல்ல" என்றார். பிறகு போனில் ஒலிப்பதிவை அழுத்தி ஒவ்வொருவரிடமும் நீட்டினார். நான் சொன்னேன். லொறிக்காரன் சொன்னான். கடைசியில் மனைவியிடம் நீட்டினார்.

"அக்கா எப்பிடி இரிக்கிறீங்க?"

"அல்ஹம்துலில்லாஹ், நல்லா இரிக்கன்."

காரின் பின் பம்பரும் டிக்கிக் கதவும் சீக்கிரமே மாறின. பணத்தைக் கம்பனி கராஜுக்கே அனுப்பிவிட்டது. காரிடம் யாரும் சுகம் விசாரிக்கவில்லை.

விபத்துக்கு மறுநாள், அதிகாலைச் சுபஹ் தொழுகையில் ருகூஉக்குக் குனிந்த மனைவி நிமிரத் தாமதித்தாள். கழுத்துப் பிடித்துக்கொண்டது என்றாள். தைலம் பூசினாள். தலையணையை மாற்றினாள். அதற்கடுத்த நாள் தேநீர்க் கோப்பையைப் பிடித்திருந்த வலது கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பெருவிரலிலும் அடுத்த விரலிலும் எறும்பு ஊர்வது போல இருக்கிறது என்றாள். எக்ஸ்-ரேயில் ஒன்றும் இல்லை. பெரிய ஸ்கானில் இருந்தது. கழுத்தெலும்புகளுக்கு இடையில் உள்ள வட்டு ஒன்று நகர்ந்து நரம்பை அழுத்துகிறது என்றார் வைத்தியர். நரம்போரம் ஓர் ஊசி, பிறகு மட்டக்களப்பில் தொடர்ச்சியாக இயன்மருத்துவம். "சிகிச்சை சுணங்கினா விரல் மரப்பு நிரந்தரமாகவே தங்கிவிடும்" என்றார்.

அவளுடைய வேலையைச் சொல்ல வேண்டும். கல்முனையில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டிக்கு முன்னால் இருப்பவள் அவள். இரத்தமும் சிறுநீரும் சளியும் பூசிய கண்ணாடித் துண்டுகள் ஒரு பெட்டியில் வரும். காலையில் குனிந்தால் பெட்டி முடியும் வரை நிமிர மாட்டாள். இடது கண்ணால் பார்த்து, வலது கைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் திருகியைத் திருப்புவாள். அந்தக் கழுத்தும் அந்த இரண்டு விரல்களும்தான் இப்போது போயிருந்தன. ஆய்வுகூட உரிமையாளர் நல்ல மனிதர். "சீற் உங்கட சீற்தான். சுகமாகி வாங்க. ஆனா கன நாளைக்கு என்னாலயும் வச்சிரிக்க ஏலா" என்றார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்.

ஊசிக்கும் மட்டக்களப்புப் பயணங்களுக்கும் எங்களிடம் இருந்தது போதாது. லொறியின் காப்புறுதிதான் வழி. அது சீக்கிரம் வந்தால் விரல்கள் திரும்பும், ஆசனமும் இருக்கும். அந்த மாதங்களில் எனக்கு வேறு கணக்கு இருக்கவில்லை.

வீட்டில் யாரும் ஓரிடத்தில் இருக்கவில்லை. மனைவிக்கு இருந்தால் உளைந்தது, படுத்தால் மரத்தது. கழுத்துப் பட்டியோடு முன்வாசலுக்கும் சமையலறைக்கும் இடையில் நடந்துகொண்டே இருப்பாள். நான் கார் ஓட்டும்போது முன்னால் பார்ப்பதைவிடப் பின்பார்வைக் கண்ணாடியைப் பார்த்தேன். ஒரு தடவை அப்படிப் பார்த்துக்கொண்டே போய் நிந்தவூரில் ஒரு முச்சக்கர வண்டியின் பின்னால் மோதப் பார்த்தேன். அதன் சாரதி தலையை வெளியே நீட்டி, அண்ணனை அழைக்கும் எங்கள் முறையில், "என்ன காக்கா, நித்திரையா?" என்று கேட்டான்.

செய்தி பரவி ஊரார் சுகம் விசாரிக்க வந்தார்கள். பிஸ்கட், செவ்விளநீர், பால்மா டின். பெண்கள் உள்ளே போய்க் கட்டிலைச் சுற்றி இருப்பார்கள். முன்னறையிலிருந்து எனக்கு ஒரே கேள்வியும், அல்லாஹ்வுக்கே புகழ் என்ற ஒரே பதிலும் கேட்கும்.

"இப்ப எப்பிடி மகள்?"

"அல்ஹம்துலில்லாஹ் மாமி. சுகம்."

"மொகம் வாடித்தான் இரிக்கி."

"அது பவுடர் போடல்ல மாமி."

சிரிப்பு. பிறகு தேநீர். அவர்கள் போன பிறகு அவள் எழும்பி, சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு சிறிது நேரம் நிற்பாள்.

லொறிக்காரனும் வந்தான். கொழும்புக்குப் போகும் பாரை மீன் இரண்டைத் தனியே எடுத்து வைத்துக் கொண்டுவந்திருந்தான். கதிரையின் நுனியில் இருந்தான். முழங்காலை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"ராத்தா எப்பிடி?"

"அல்ஹம்துலில்லாஹ் தம்பி."

அவன் மூச்சு விட்டான். "எனக்கு சோறு இறங்கல்ல ராத்தா. இப்பதான் இறங்கும்." என் பக்கம் திரும்பினான். "காக்கா, நானே கம்பனிக்கி கோல் எடுத்துச் சொல்லுறன். ராத்தா நல்ல சுகமெண்டு. உங்களுக்குக் கரச்சல் குடுக்காம உடட்டும்."

வேண்டாம் என்று நான் சொல்லி முடிக்கு முன் அவன் எழும்பிவிட்டான். சொன்னபடி செய்தான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே போன் பண்ணினான்.

நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு சட்டத்தரணியிடம் போனோம். ஊர்ப் பிள்ளை. ஸ்கானையும் வைத்தியரின் அறிக்கையையும் பார்த்துவிட்டு, இது சுலபம் என்றார். பின்னால் வந்து மோதியதைக் கம்பனியே ஒத்துக்கொண்டு காரைத் திருத்தித் தந்திருக்கிறது. காருக்குள் இருந்தவரின் காயத்தை மட்டும் எப்படி மறுக்கும்? கோரிக்கைக் கடிதம் அனுப்பினார். பதில் வந்தது. மறுத்திருந்தார்கள். ஸ்கானில் காணப்படுவது பழைய தேய்மானமாக இருக்கலாம். சம்பவம் நடந்த இடத்தில் அவரே தாம் நலம் என்று கூறியுள்ளார். லொறியின் சாரதியும் அவ்வாறே அறிவித்துள்ளார். விரும்பினால் ஒலிப்பதிவைக் கிளை அலுவலகத்தில் கேட்கலாம்.

சட்டத்தரணியோடு கேட்கப் போனோம். கிளை அலுவலகத்தின் உட்பக்க அறையில் ஏசி மிகக் குளிராக இருந்தது. அதிகாரி மட்டக்களப்புப் பக்கத்தவர். மரியாதையான ஆள். கணினியைத் திருப்பி வைத்து அழுத்தினார். முதலில் வாகன இரைச்சல், யாரோ மாட்டைத் திட்டுவது, பிறகு மனைவியின் குரல். *அல்ஹம்துலில்லாஹ், நல்லா இரிக்கன்.* தெளிவாக, சற்றுச் சிரித்தபடி.

மனைவி கழுத்துப் பட்டிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். "என்ட குரல் நல்லாத்தான் இரிக்கி."

"மெடம், எங்கட பக்கத்த நீங்க விளங்கிக்கொள்ளணும்" என்றார் அதிகாரி. "வந்த ஆள் கேட்டிருக்கிறார். நீங்கள் சொல்லியிருக்கிறீங்கள்."

"ஓம். சொல்லியிரிக்கன்" என்றாள்.

வெளியே படிக்கட்டில் சட்டத்தரணி நின்றார். கோப்பால் விசிறிக்கொண்டார். "ராத்தா, இத இன்னம் எத்தின பேருக்குச் சொல்லியிரிக்கீங்க?"

"கேட்ட எல்லாருக்கும்."

"யா அல்லாஹ். ராத்தா, அல்லாஹ்ட்ட அல்ஹம்துலில்லாஹ் சொல்லுங்க. கம்பனிட்டக் கழுத்தச் சொல்லுங்க."

"கம்பனி எங்க தம்பி கழுத்தக் கேட்டது? எப்பிடி இரிக்கீங்கெண்டுதானே கேட்டது?"

அவர் விசிறுவதை நிறுத்திக் கோப்பைக் கக்கத்தில் வைத்தார். அடுத்த கட்டம் என்ன என்பதை மட்டும் சொன்னார். கம்பனி தன் செலவில் ஒரு வைத்தியரை நியமித்து அவளைப் பரிசோதிக்கலாம். அதற்கு நாங்கள் சம்மதிப்போம். கம்பனிக்கு அந்த வைத்தியர் சொல்வதுதான் முடிவாக இருக்கும். ஒத்துவராவிட்டால் வழக்கு. வழக்கென்றால் வருடக்கணக்கு. "அதுக்குள்ள ராத்தாட விரலுக்கு என்ன நடக்குமெண்டு டொக்டர் சொல்லிட்டார்தானே" என்றார்.

நாங்கள் சம்மதித்தோம். நாள் குறிக்கப்படும் என்று சொன்னார்கள். குறிக்கப்படவில்லை. நான் இரண்டு நாளைக்கொரு தடவை சட்டத்தரணிக்குப் போன் எடுத்தேன். அவர் முதல் மணியிலேயே எடுத்து, "இல்ல காக்கா, இன்னம் வரல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் ஸலாம் சொல்லுவார்.

அந்த இடைவெளியில் ஒரு பின்னேரம் எங்கள் ஒழுங்கை முனையிலிருக்கும் பலசரக்குக் கடைக்காரர் என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். முகம் முழுக்க மகிழ்ச்சி. கல்லாவைவிட்டு எழும்பி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"உங்கட வீட்டப் பத்தி ஒராள் வந்து விசாரிச்சாரு காக்கா."

"என்ன ஆள்?"

"வெளியூர் ஆள். வெள்ளச் சேட்டு, நல்ல சப்பாத்து. நாலஞ்சு வீட்டிலயும் கேட்டிரிக்காரு. உம்மாக்கு வருத்தம் கிருத்தம் இரிக்கா, நடக்கிறாவா, வேல வெட்டி செய்றாவா எண்டெல்லாம் கேட்டாரு. எனக்கு விளங்கிட்டு." கண்ணைச் சிமிட்டினார். "மகள்ட கேம்பஸ் இந்த வருசம் முடியிதுதானே?"

அவர் எதை நினைத்தார் என்று எனக்கும் விளங்கிவிட்டது. எங்கள் ஊரில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து ஒரு வீட்டுப் பெண்களின் சுகநலத்தைக் கேட்டால் அது ஒரே ஒரு காரியத்துக்காகத்தான் இருக்கும். மாப்பிள்ளை வீட்டார் சம்பந்தம் பேச முன் இப்படித்தான் கடையிலும் அயலிலும் ஆள் விட்டுக் கேட்பார்கள். அப்படிக் கேட்டு வருகிறவரிடம் அயலார் ஒரு குறையும் சொல்ல மாட்டார்கள். அது இங்கே ஒரு பெண் பிள்ளைக்குச் செய்யும் உதவி.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் உட்டுக் குடுப்பனா? அந்த வீட்டில வருத்தமெண்ட சொல்லே இல்ல, உம்மா கல்லு மாதிரி இரிக்கா, காலைல எழும்பினா ஒரு ஊருக்குரிய வேல செய்வா எண்டன். எதிர்வீட்டு மாமி அதுக்கு மேல சொல்லியிரிக்கா. கிணத்துல தண்ணி அள்ளிக் குளிக்கிறாவாம்!"

எங்கள் வீட்டில் கிணறு மூடிப் பல காலம்.

கடையின் முன்னால் ஒரு சோடாப் பெட்டியில் இருந்துவிட்டேன். வந்தவர் காப்புறுதிக் கம்பனி அனுப்பிய ஆள் என்று சொன்னேன்.  ஒரு பிள்ளை வந்து பருப்பு கேட்டது. கடைக்காரர் பருப்பை நிறுத்து, சீனிப் பையில் கொட்டி, மறுபடி எடுத்தார்.

"காக்கா, நான் மாத்திச் சொல்றன். எங்க வந்து சொல்லோணும் சொல்லுங்க. கோட்டெண்டாலும் வாறன்." பிறகு தராசைத் துடைத்துக்கொண்டே இழுத்தார். "ஆனா... ராத்தாக்கு நரம்பு வருத்தமெண்டு பொதுவில சொன்னா மகள்ட காரியத்துக்கு நாளைக்கி..."

இதை வீட்டில் சொன்னபோது மகள் தரையில் இருந்து சிரித்தாள். ஒலுவில் வளாகத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தாள். "வாப்பா, அந்த வெள்ளச் சேட்டு ஆள்ட நம்பர் இரிக்கா? ஆள் எப்பிடி?" மனைவி சிரிக்க முயன்று கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். எதிர்வீட்டு மாமியைக் குறை சொல்ல வேண்டாம் என்று என்னிடம் சொன்னாள். கிணற்றுக் கதை யாருடையது என்று நான் சொல்லியிருக்கவே இல்லை.

இரண்டு கிழமைக்குப் பிறகு பரிசோதனை நாள் வந்தது. முந்தின பின்னேரம் நான் அவளைப் பழக்கப் பார்த்தேன். முன்பு பத்திரிகையில் வேலை செய்த எனக்கு ஒரு கேள்வியை எப்படிக் கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும் என்று ஒரு நம்பிக்கை. அவள் நடந்துகொண்டிருந்தாள். நான் பின்னால் நடந்தேன்.

"எப்படி இருக்கிறீர்கள்?"

"அல்ஹம்—"

"பாத்தியா!"

"நீங்க கேட்டதுக்குத்தானே சொன்னன்."

"நோகுதெண்டு சொல்லு."

"நோகுதா எண்டு கேளுங்க, சொல்றன்." நின்று திரும்பினாள். உடம்பு முழுவதையும் திருப்பித்தான் அவளால் திரும்ப முடிந்தது. "எப்பிடி இரிக்கீங்கெண்டு கேட்டா வேற என்னத்தச் சொல்ற? சின்ன வயசில இரிந்து வாய்க்கு அதான் தெரியும். வாய மாத்தினா நாளைக்கிப் பொய்யாத்தான் வரும்."

அவளைத் தனியே விட்டேன்.

கம்பனியின் வைத்தியர் கல்முனையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறை எடுத்திருந்தார். கொழும்பிலிருந்து மாதத்தில் சில நாட்கள் வருபவர். தமிழ் நிதானமாக, எழுத்து மொழியில் வரும். அறையில் அவரும் அவளும் நானும் மட்டும். மேசையில் ஸ்கான் உறை இருந்தது. பக்கத்தில் கம்பனியின் கோப்பும் இருந்தது. அது உறையைவிடத் தடிப்பாக இருந்தது. எங்கள் அயலாரெல்லாம் அதற்குள் இருந்தார்கள்.

அவர் கண்ணாடியைச் சரிசெய்தார். "எப்படி அம்மா இருக்கிறீர்கள்?"

"அல்ஹம்துலில்லாஹ்."

நான் தரையைப் பார்த்தேன். அவருடைய பேனா கடதாசியில் இறங்கும் சத்தம் கேட்டது.

"டொக்டர்" என்றாள் அவள். "அது உங்களுக்குச் சொன்ன பதிலில்ல. இனி நீங்க கேளுங்க, எங்க நோகுதெண்டு."

பேனா நின்றது. அவர் அவளைப் பார்த்தார். கோப்பை மூடி மேசை ஓரத்துக்குத் தள்ளினார்.

"எங்கே நோகிறது?"

அவள் சொன்னாள். அவசரப்படாமல், ஓர் அறிக்கை வாசிப்பது போல. எந்த விரல், விரலின் எந்தப் பக்கம், எவ்வளவு குனிந்தால் தொடங்குகிறது, நிமிர்ந்தால் எப்போது நிற்கிறது. படுக்கையில் எந்தப் பக்கம் திரும்ப முடியாது. நெற்றியைத் தரையில் வைக்கும் சுஜூதிலிருந்து எழும்ப முடியாததால் கதிரையில் இருந்து தொழுவது. ஒரு நாள் கையிலிருந்து பீங்கான் நழுவியது. அதை என்னிடம் பூனை தட்டிவிட்டதாகச் சொல்லியிருந்தாள். அவர் எழும்பி வந்து ஊசிமுனையால் விரல்களைத் தொட்டார். கண்ணை மூடச் சொன்னார். தொட்டதை உணர்ந்தபோதெல்லாம் அவள் ஓம் என்றாள். சில தடவை அவர் தொட்டார், அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வைத்தியரின் அறிக்கை போனபின் கம்பனி இறங்கிவந்தது. வைத்தியச் செலவை முழுமையாகவும், வேலைக்குப் போகாத காலத்துக்கு ஒரு பகுதியையும் ஏற்றுக்கொண்டார்கள். இதற்கு மேல் கேட்க மாட்டோம் என்று கையெழுத்து வாங்கினார்கள். சட்டத்தரணி ஒரு முறை யோசிக்கச் சொன்னார். மனைவி யோசிக்காமல் போட்டாள். பேனா விரல்களுக்கிடையில் நழுவியது. இரண்டாம் தடவை போட்டாள். ஊசி போட்டார்கள். மட்டக்களப்புக்குப் போய் வந்தோம். போகும்போதும் வரும்போதும் அவள் கைப்பையை மடியில் வைத்து மூடியே வைத்திருந்தாள். கழுத்துப் பட்டி போனது. பிறகு தொழுகைக் கதிரை பின்னறைக்குப் போனது. எதிர்வீட்டு மாமி வந்து, "இப்ப எப்பிடி மகள்?" என்று கேட்டார். பழைய பதில்தான் வந்தது.

ஆய்வுகூட உரிமையாளர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஆசனத்தை வைத்திருந்தார். போன திங்கட்கிழமை அவளைக் கொண்டுபோய் இறக்கினேன். வரும் வழியெல்லாம் பின்பார்வைக் கண்ணாடியில் ஒரு பஸ் நெருங்கி நெருங்கி வந்தது. பகல் கூட்டிவரப் போனபோது அவள் இன்னும் நுணுக்குக்காட்டிக்கு முன்னால்தான் இருந்தாள். வலது கை மடியில் இருந்தது, இடது கை திருகியில். பக்கத்தில் காலையில் வந்த பெட்டி இருந்தது.

அதிலிருந்து அவள் ஒரே ஒரு கண்ணாடித் துண்டைத்தான் பார்த்து முடித்திருந்தாள்.